வேலையைப் பார்க்கும் ஊர்

("அன்றாட உடையில் மனிதர்க்கு நிம்மதி தரும் நகரம் சென்னையா, மும்பையா?" என்ற பட்டிமன்றத்தில் மும்பை அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பட்டு வேட்டி சரசரக்க வந்தார். "சென்னையில் உடை பண்பாடு, மும்பையில் உடை அவசரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன். ஆனா ஒரு சந்தேகம். ஐயா வந்து இறங்கினது ஏ.சி. கார்ல. (சிரிப்பு) ஏ.சி. கார்ல வர்றவருக்கு எந்த உடையும் பண்பாடுதான்! தாம்பரத்துல ஏறி கடற்கரை ஸ்டேஷன் வரைக்கும் கத்திரி வெயில்ல நின்னுக்கிட்டே வர்ற பொண்ணைக் கேளுங்க, உடைன்னா என்னன்னு அவ சொல்லுவா.

நடுவர் அவர்களே, இன்றைய தலைப்பு அழகு அல்ல, நிம்மதி. கல்யாண வீட்டு உடையைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. காலையில் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் எதை உடுத்துகிறார், ஏன் உடுத்துகிறார், யாருக்குப் பயந்து உடுத்துகிறார்? இதுதான் கேள்வி.

மும்பையில் உடையைத் தீர்மானிப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் ரயில், இன்னொருத்தர் மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் அங்கே 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்க்கும். ஆபீஸ் போகிற அம்மா காலில் பிளாஸ்டிக் செருப்பு, பையில் நல்ல செருப்பு. பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார் பேங்க் அதிகாரி. யாரும் சிரிக்க மாட்டார்கள். ஏன்னா சிரிக்க வேண்டியவரும் மடிச்சு விட்டுட்டுத்தான் நிக்கிறார்! (சிரிப்பு, கைதட்டல்)

ரயிலுக்கு வாங்க. 1992-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு மட்டும் என்று ஒரு முழு ரயிலை ஓட்டிய ஊர் அது. அந்தப் பெண்கள் பெட்டிக்குள்ளே புடவையும் ஜீன்ஸும் பர்தாவும் தோளோடு தோள் உரசி நிற்கும். கிளிப் விற்கிற பெண்ணிடம் மூன்று பேரும் ஒரே மாதிரி பேரம் பேசுவார்கள். (சிரிப்பு) நாற்பது வகை உடை இருக்கலாம், "நீ ஏன் இதைப் போட்டே?" என்ற கேள்வி மட்டும் இருக்காது.

"அங்கே பண்பாடு இல்லையே" என்பார் நண்பர். யார் சொன்னது? கோலி இனத்து மீனவப் பெண்களைப் பாருங்கள். மூத்தவர்கள் இன்றைக்கும் ஒன்பது கஜம் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டி, மீன் கூடையோடு வருகிறார்கள். நம்ம ஊர் மடிசாரும் ஒன்பது கஜம்தான். இன்றைக்கு அது பெரும்பாலும் விசேஷ நாளோடு நின்றுபோனது. அங்கே ஒன்பது கஜம் வேலை செய்கிறது. மரபு பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொருள் அல்ல, உழைப்போடு நடக்கிற பொருள் என்பதை அந்தக் கூடைக்காரம்மா காட்டுகிறார். (கைதட்டல்) மாதுங்காவுக்குப் போங்க. நம்ம மல்லிகைச் சரம் அங்கேயும் கிடைக்கும். ஜீன்ஸ் போட்ட பொண்ணு வாங்கித் தலையில வச்சுக்கிட்டுப் போறா. ஜீன்ஸும் பூவும் சண்டை போடலை. சண்டை போடறது பார்க்கிறவங்க கண்ணுதான்!

எதிரணித் தலைவர் ஒரு பெரிய அஸ்திரம் விட்டார். 2014-இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் கூடிச் சட்டம் போட்டது. "வேட்டிக்குச் சட்டம் தந்த ஊர்" என்று பெருமைப்பட்டார். நானும் பெருமைப்படுகிறேன். ஆனா நடுவர் அவர்களே, வேட்டி பிறந்த மண்ணில், வேட்டி உள்ளே நுழையச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அந்த வாசலில் அதுவரைக்கும் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்? நீதிபதி திரும்பினார், சட்டம் வந்தது. சாதாரணக் குப்புசாமி திரும்பியிருந்தால் செய்தியாவது வந்திருக்குமா? (பலத்த கைதட்டல்)

இன்னும் ஒன்று. 2019-இல் நம் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வந்தது. ஆண்களுக்கு வேட்டியும் உண்டு, நல்லது. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், சுடிதார், துப்பட்டாவோடு! 2020-இல் மராட்டிய அரசும் ஒரு விதி போட்டது. ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது என்று அதுவும் கண்டிப்புதான், மறைக்கவில்லை. ஆனால் பெண்களுக்குப் புடவை, சுடிதாரோடு பேண்ட் சட்டையும் உண்டு. துப்பட்டா? "தேவைப்பட்டால்" என்று போட்டார்கள். அந்த ஒரு சொல், "தேவைப்பட்டால்"! இரண்டு ஊருக்கும் உள்ள தூரம் ரயில்ல ஒரு நாள். ஆனா பெண்ணுக்கு இந்த ஒரு சொல் தூரம். (கைதட்டல்)

நானும் வேலைக்குப் போகிற பெண்தான். எனக்குப் புடவை பிடிக்கும். இந்த மேடைக்கும் ஆசையாகத்தான் கட்டி வந்தேன். ஆனா பிடிச்சுக் கட்டறது வேற, கட்டியே ஆகணும்னு கட்டறது வேற. நம் ஊரில் சில கல்லூரிகளில் புடவைக்கு மேலே ஒரு கோட்டும் போட வேண்டும் என்று ஆசிரியைகளுக்கு விதி. சித்திரை வெயிலில், மின்விசிறி நின்றுபோன வகுப்பறையில், புடவைக்கு மேலே கோட்! கேட்டால் "மரியாதை" என்பார்கள். அந்த மரியாதையை ஒரு நாள் நம்ம எதிரணித் தலைவர் போட்டுப் பார்க்கட்டும்! (சிரிப்பு)

என்னிடம் படித்த ஒரு பெண் மும்பையில் வேலை கிடைத்துப் போனாள். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தாள். சம்பளத்தைப் பற்றிச் சொல்வாள் என்று பார்த்தால், "அம்மா, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து நடந்து வர்றேன். என்ன போட்டிருக்கேன்னு யாரும் பார்க்கறதே இல்லம்மா" என்றாள். யாரும் பார்க்காததற்கு ஒரு பெண் சந்தோஷப்படுகிறாள் என்றால், இருபத்திரண்டு வருஷம் அவளை எத்தனை கண் துரத்தியிருக்கும்? மும்பையைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் பொல்லாத கண் உண்டு. ஆனால் அவனவனுக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். அடுத்தவர் உடையைப் பிடிக்க நேரமில்லை.

வள்ளுவர் நட்புக்கு உவமை தேடினார். உடை நழுவும்போது சட்டென்று ஓடி வந்து காக்கிற கையைச் சொன்னார். உதவ வர வேண்டியது கை. நம்ம தெருவுல உடை நழுவாமலேயே பத்துக் கண் ஓடி வருது! (நீண்ட கைதட்டல்) வீட்டு வாசல்ல தண்ணி பிடிக்க நைட்டியோட வர்ற அம்மா, அதுக்கு மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு வர்றாங்களே, அந்தத் துண்டு எதுக்கு? குளிருக்கா? நமக்குப் பயந்துதானே?

ஆள் பாதி, ஆடை பாதி என்றார்கள். சரி. அந்த ஆடைப் பாதியை ஆளுக்கே விட்டுவிட்டு, அவர் வேலையைப் பார்க்கிற ஊர் எது? மழையில் பேண்டை மடிக்கிற பேங்க் அதிகாரிக்கும், கச்சம் கட்டிய கூடைக்காரம்மாவுக்கும், பத்து மணிக்கு நடந்து வருகிற என் மாணவிக்கும் அன்றாட உடையில் நிம்மதி தருவது மும்பையே, மும்பையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன்.