அளவு குறைந்தால் மருந்து குறைந்ததாகுமா?

வலிப்பு நோய்க்குப் பல ஆண்டுகளாக ஃபெனிட்டோயின் மாத்திரை உண்டுவரும் ஒருவருக்குச் சிறுநீரகமும் பழுதாகி விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவேளைகூட மாத்திரை தவறியதில்லை. ஆனாலும் இரத்தப் பரிசோதனையில், முன்பு லிட்டருக்கு 16 மில்லிகிராமாக இருந்த மருந்து இப்போது 8-ஆக இறங்கியிருக்கிறது. இருக்க வேண்டிய அளவோ 10 முதல் 20 வரை. மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான் என்று வீட்டார் நினைப்பார்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. அதை ஒரு பேருந்து எனலாம். ஃபெனிட்டோயினில் ஏறக்குறைய 90 விழுக்காடு அதில் ஏறி உட்கார்ந்தபடியே உடலைச் சுற்றி வருகிறது. பேருந்தைவிட்டு இறங்கி நடக்கும் மீதி 10 விழுக்காடுதான் மூளைக்குள் நுழைந்து வலிப்பை அடக்குகிறது. ஆய்வுக்கூடம் வழக்கமாகச் சொல்லும் அளவில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சிறுநீரகம் செயலிழந்தால், வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்திலேயே தங்கி அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கின்றன. சிலருக்கு ஆல்புமினே சிறுநீரில் வெளியேறி, பேருந்துகளும் குறைந்துவிடுகின்றன. இதனால் ஒட்டாத மருந்தின் பங்கு 10-லிருந்து 20 விழுக்காடாகிறது. சிலருக்கு 30-ஐயும் தொடும்.

அப்படியானால் மூளைக்கு மருந்து அதிகமாகப் போய்விடாதா என்று கேட்கலாம். போவதில்லை. இறங்கிய மருந்தைக் கல்லீரல் உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. அதனால் குறைவது மொத்த அளவு மட்டுமே. கணக்கைப் பாருங்கள்: 16-இல் 10 விழுக்காடு 1.6. எட்டில் 20 விழுக்காடும் அதே 1.6 தான்!

இது தெரியாமல் மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும்? இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரலின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கிய பிறகு, சற்றே கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து மளமளவென்று ஏறிவிடும். கண்மணி துடிக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், தூக்கக் கலக்கம் வரும். சிறுநீரக நோயாளிக்கு இது வழக்கமான பலவீனம்தானே என்று இதை ஒதுக்கிவிடுவது பெருந்தவறு.

ஒட்டாத மருந்தை மட்டும் அளக்கும் பரிசோதனை இருக்கிறது. அதில் 1 முதல் 2 வரை இருந்தால் போதுமானது. அந்த வசதி இல்லாத இடத்தில் ஆல்புமின் அளவைக்கொண்டு மருத்துவர்கள் தோராயமாகக் கணக்கிடுகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அந்தக் கணக்கே வேறு. மருந்து மாற்றப் போகிறவரிடம் சிறுநீரகக் கோளாற்றை மறக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. 1971-இல் ரைடன்பர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் ஃபெனிட்டோயின் புரதத்தோடு ஒட்டுவது குறைந்திருந்தது. டெசிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்துக்கோ அப்படிக் குறையவில்லை. முன்னது அமிலத்தன்மை கொண்டது, பின்னது காரத்தன்மை கொண்டது.