குணமான கோழியைக் கூட்டத்தில் சேர்ப்பது எப்படி?

பயிர்த்தொழில் கற்பிக்கும் நான் கோழியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிறு விவசாயியின் வீட்டில் வயல் வேறு, புறக்கடை வேறு அல்ல. களத்தில் சிந்திய மணியைப் பொறுக்கி முட்டையாகத் தருவது கோழி. அதன் எச்சம் வயலுக்கு எருவாகிறது. அறுவடைப் பணம் கைக்கு வரும்வரை சில்லறைச் செலவுக்கு உதவுவதும் முட்டைக் காசுதான்.

நாய் கடித்தோ, கீரி பிடித்தோ காயம்பட்ட கோழியை மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் தனியே வைத்துக் காப்பாற்றுகிறோம். இரண்டு, மூன்று வாரத்தில் அது தேறி நடக்கிறது. இனிக் கவலையில்லை என்று ஒரு நாள் காலையில் திறந்துவிட்டு வயலுக்குப் போகிறோம். திரும்பி வந்து பார்த்தால், கொண்டை கிழிந்து, இரத்தம் வழிய, விறகுக் குவியலுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. நாய்க்குத் தப்பிய கோழி தன் கூட்டத்திற்குத் தப்பவில்லை.

இது ஏன் நேர்கிறது? கோழிகளுக்குள் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. மேலுள்ளது கீழுள்ளதைக் கொத்தும். கீழுள்ளது ஒதுங்கிப் போகும். நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப் எப்பே 1922ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். இரண்டு, மூன்று வாரம் பிரிந்திருந்த கோழியை மற்றவை புதுக் கோழியாகவே எண்ணும். அதன் இடம் பறிபோயிருக்கும். மெலிந்த உடலோடு அது மீண்டும் போராட வேண்டியுள்ளது. ஆறாத புண்ணின் சிவப்பைக் கண்டால் மற்றவை அதையே குறிவைத்துக் கொத்தும். எனவே, சேர்ப்பதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

முதலில், சேர்க்கலாமா என்று பாருங்கள். காயம்பட்ட கோழி வேறு, நோய்ப்பட்ட கோழி வேறு. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமுள்ள சளி வடிந்த கோழி, தேறிய பின்னும் கிருமியைச் சுமந்து திரியக்கூடும். அம்மை கண்ட கோழியைப் பொருக்கு முழுவதும் உதிரும்வரை விடக்கூடாது. உதிர்ந்த பொருக்கை எரித்துவிட வேண்டும். வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழியைக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். ஒன்றின் மீதுள்ள இரக்கத்தால் பத்தை இழக்கக் கூடாது. மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்றும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

அடுத்து, உடல் தேறியதா என்று பாருங்கள். புண் மூடித் தோல் காய்ந்திருக்க வேண்டும். கொண்டை சிவந்திருக்க வேண்டும். நொண்டாமல் ஓட வேண்டும். மார்பைத் தடவினால் நடு எலும்பு கத்தி முனைபோல் கையில் இடறினால், இன்னும் சில நாள் குருணையும், கரையானும், கீரையும் கொடுத்துத் தேற்றுங்கள்.

இனிச் சேர்க்கும் முறை. இதற்குப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பஞ்சாரமே போதும். மற்றக் கோழிகள் மேயுமிடத்தில், நிழலில், தேறிய கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே தீனியும் தண்ணீரும் இருக்கட்டும். பஞ்சாரத்தைச் சுற்றியும் சிறிது தானியம் தூவுங்கள். மூங்கில் இடைவெளி வழியே ஒன்றையொன்று பார்க்கும். ஆனால் தாக்க முடியாது. இப்படி ஐந்து முதல் ஏழு நாள் செய்யுங்கள். கடைசி இரண்டு நாள், சாதுவான ஒரு கோழியை அதனுடன் உள்ளே விடுங்கள். துணை கிடைத்த கோழிக்குத் தைரியம் வரும்.

பின்னர், அடையும் நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்பாகத் திறந்துவிடுங்கள். இருட்டியதும் சண்டை ஓய்ந்துவிடும். மறுநாள் காலையில் நீங்களே அருகில் இருங்கள். தீனியையும் தண்ணீரையும் இரண்டு, மூன்று இடங்களில் வையுங்கள். ஒதுங்கி ஓட இடம் இருக்கட்டும். முதுகில் காயம்பட்ட கோழியானால், சிறகு முளைக்கும்வரை சேவலைப் பிரித்து வையுங்கள்.

இரண்டொரு கொத்துக்கு அஞ்சிப் பிரித்துவிடாதீர்கள். வரிசை அப்படித்தான் அமையும். ஆனால், இரத்தம் கசிந்தாலோ, தீனிக்கே வரவிடாமல் விரட்டினாலோ உடனே பிரிக்க வேண்டும். ஒரே கோழிதான் விரட்டுகிறது என்றால், தேறியதை அடைக்காதீர்கள். விரட்டுவதைப் பிடித்து மூன்று, நான்கு நாள் பஞ்சாரத்தில் போடுங்கள். திரும்பி வரும்போது அதன் மிடுக்கு குறைந்திருக்கும்.

நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்று வேர் பிடிக்கும்வரை நாம் வயலைக் கவனிக்காமல் விடுவதில்லை. தேறிய கோழிக்கும் அந்தப் பத்து நாள் கவனத்தைக் கொடுங்கள். நீங்கள் காப்பாற்றிய உயிர் வீணாகாது. முட்டைக் கூடையும் மீண்டும் நிறையும்.