அவருக்கு எத்தனை பந்து கிடைத்தது?

(அரக்கோணம் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

டீக்கடையில் ஐபிஎல் பேச்சு வந்தால் நம் சென்னைப் பிள்ளை ஷாருக்கானை நீங்கள் விடுவதில்லை. "ஒன்பது கோடி வாங்கிட்டு என்னத்தக் கிழிச்சான்?" 2022 ஏலத்தில் அவர் வைத்த அடிப்படை விலை 40 லட்சம்தான். ஒன்பது கோடி வரை ஏற்றியது அணிகளின் போட்டி. அந்தத் தொடரில் அவர் சோபிக்கவில்லை, பாதியில் உட்கார வைத்தார்கள். அதை மறுக்கவில்லை.

ஆனால் அவர் இறங்குவதே கடைசி ஓவர்களில். கண் பழகும் முன்னே ஆட்டம் முடிந்துவிடும். 2021 நவம்பரில் சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதியாட்டம், எதிரே கர்நாடகம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். சிக்ஸர் அடித்தாரே, மறந்துவிட்டீர்களா? 2024-ல் குஜராத் அணி பெங்களூருக்கு எதிராக அவரை நான்காவதாக இறக்கியது. 30 பந்தில் 58. ஆள் அதேதான், கிடைத்த பந்துகள்தான் அதிகம்.

நம் உதவித்தொகையில் படிக்கும் பையன் அரியர் வைத்தால், "பணம் வீண்" என்கிறோம். அவன் ஷூ கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துக் கல்லூரிக்குப் போகிறான். பட்டியலில் பெயரை அடிப்பதற்கு முன், இரண்டு பேர் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.