சக்கேயுவின் கணக்கு



யாழ்ப்பாணக் கோட்டை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. புதிய ஆட்சி கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றியது. அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்றும் கட்டளை போட்டது. அதோடு விடவில்லை. அரசாங்கப் பதவி வேண்டுமென்றால் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவராக இருக்கவேண்டும் என்றாயிற்று. கலியாணப் பதிவும் அந்தச் சபையிலேதான். ஆக, இந்தக் குடாநாட்டில் கத்தோலிக்கனுடைய விசுவாசத்துக்குச் சோதனை முதலில் வந்த இடம் சம்பளமும் சொத்தும் பதவியும்தான்.

பலர் பகலில் ஒல்லாந்தரின் கோவிலுக்குப் போனார்கள், இரவில் செபமாலை சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று இன்று சொல்வது சுலபம். பிள்ளைகுட்டியோடு, காணி உறுதியோடு, கொஞ்சம் மானத்தோடு வாழவேண்டியிருந்தவர்கள் அவர்கள். ஆனால் மறுபக்கமும் ஆட்கள் இருந்தார்கள். கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். நோயில் விழுந்து எழும்பி, கழுத்தில் செபமாலையோடு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டு, யார் கத்தோலிக்கர் என்று தேடிப் பிடித்தார். சில்லாலைக் கிராமத்து மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். 1689 நத்தார் இரவில் பூசைக்குக் கூடியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். சிலருக்குக் கசையடியும் கட்டாய வேலையும் கிடைத்தன. 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது, அவருக்கு அடைக்கலம் கொடுத்த சில்லாலை வீட்டுக்காரரின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அந்தப் பெயர்கள் இல்லாமல் அந்தப் புனிதரும் இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில், 1806இல், தேசாதிபதி மேற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். மதத்தை மறைக்காமல் உத்தியோகம் பார்க்கலாம் என்றாயிற்று. இங்கிலாந்திலே கத்தோலிக்கருக்கு அந்த உரிமை 1829இல்தான் கிடைத்தது. லண்டனில் இல்லாத சுதந்திரம் சில்லாலையில் 23 ஆண்டுகள் முன்னதாகவே இருந்திருக்கிறது!

அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதுதான் இன்றைய கேள்வி.

முதலில் படித்தோம். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கைக்கு வந்தார்கள். 1850இல் புனித பத்திரிசியார் கல்லூரி தொடங்கியது. பிறகு 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேணும்' என்று அரசாங்க வேலை தேடி யாழ்ப்பாணத்தார் எல்லோரும் ஓடிய ஓட்டத்தில் கத்தோலிக்கரும் ஓடினார்கள். மானிப்பாயில் 1875இல் பிறந்த ஒரு பிள்ளையும் அப்படித்தான் புகையிரதப் பகுதியில் எழுத்தர் வேலைக்குப் போனார். ஊர் பொறாமைப்படுகிற வேலை. அதை விட்டுவிட்டுக் குருமடத்தில் சேர்ந்து 1901இல் குருவானார். அவர்தான் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், தமிழ்ச் சொற்களின் வேர் தேடி அகராதி எழுதியவர்.

அவர் உத்தியோகத்தை விட்ட கதையை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். அவரை வளர்த்த சிறிய தகப்பனாரின் கதையை யாரும் சொல்வதில்லை. அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளை அச்சுக்கூடம் நடத்தியவர். எழுத்துக் கோர்த்து, மை பூசி, கடன் கொடுத்து, கடன் வசூலித்து நூலும் பத்திரிகையும் வெளியிட்டவர். தொழிலை விட்டுக் கடவுளிடம் போனவர் மகன். தொழிலுக்குள்ளே நின்றவர் தகப்பன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தம்பிமுத்துப்பிள்ளையின் கட்சி. நமக்குப் புனிதர் சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தக் கட்சியைக் கொஞ்சம் மறந்துதான் போனார்கள். பொதுநிலையினரின் இடம் உலக அலுவல்களின் நடுவேதான் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1960களில் எழுதி வைத்த பிறகும் அப்படித்தான்.

இனிக் கடைக்குள் வருவோம்.

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவை அத்தி மரத்தில் ஏறிய குள்ளனாகவே மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். மரத்திலிருந்து இறங்கிய பிறகு அவன் போட்ட கணக்கை யாரும் படிப்பிக்கவில்லை. அவன் இரண்டு தொகைகளைப் பிரித்துச் சொல்கிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அது தானம். யாரையாவது ஏமாற்றி எடுத்திருந்தால் நான்கு மடங்கு திரும்ப, அது கடன். இந்த இரண்டையும் அவன் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை.

நாம் குழப்புகிறோம். பெருநாளுக்கு உபயம், ஆலயத்துக்குப் பளிங்குத் தரை, சுரூபத்துக்குப் புதுக் கூடு, கீழே குடும்பப் பெயர் பொறித்த கல். எல்லாம் நல்ல காரியம். ஆனால் அந்தக் கடையில் நிற்கும் பெண்பிள்ளையின் நாள் எப்படி? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அவளது சம்பளத்திலிருந்து 8 வீதமும், அதே சம்பளத்தின் 12 வீதத்துக்குச் சமமான தொகை முதலாளியின் பணத்திலிருந்தும் அவள் பெயரில் போகவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம். தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாயிற்று, 2026 சனவரியில் 30,000.

இவை தானமல்ல. அவளுடைய காசு. அந்தக் காசு போகாமல் அதே கையால் கொடுக்கப்படும் உபயம் யாருடைய உபயம்? யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் பிடித்து வைக்கப்பட்ட கூலி தானே கூக்குரல் இடுகிறது என்று வருகிறது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891 மே 15ஆம் திகதி தொழிலாளர் பற்றி எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளியும் முதலாளியும் தாமாக ஒப்புக்கொண்ட சம்பளம் என்றாலும் அது சிக்கனமான ஒரு தொழிலாளி வாழப் போதாதென்றால் நீதியாகாது என்று வாதிட்டது. 'அவள் சம்மதித்துத்தானே வந்தாள்' என்று இன்றும் சொல்கிறவர்களுக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்த மறுமொழி அது. 2025இல் தெரிவான திருத்தந்தை 14ஆம் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு அந்தச் சுற்றுமடலையே ஒரு காரணமாகச் சொன்னார்.

இன்னொன்று, சின்ன விசயம். புடவைக் கடைகளில் பெண்பிள்ளைகள் காலை தொடங்கி இரவு வரை நிற்கிறார்கள். இருக்க ஒரு ஸ்ரூல் இல்லை. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. சட்டம் கட்டாயப்படுத்தித்தான் நாம் இதைச் செய்யவேண்டுமா? ஒரு ஸ்ரூலின் விலை உபயத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பது வர்த்தகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது 'எந்த ஊர், எந்தப் பங்கு' என்று கேட்பது எதற்காக என்பதும் இந்தச் சபைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வியாபாரத்தில் மனச்சாட்சி என்பது மேல்நாட்டுப் பாடமல்ல. 1990இல் யுத்தத்தோடு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில். மின்சாரம் இல்லை. யாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த ஆண்டுகளில் எந்தக் கடை பதுக்கியது, எந்தக் கடை வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே அளவில் அளந்து கொடுத்தது என்பதை அந்தந்த ஊர் மக்கள் இன்றும் பெயர் சொல்லிச் சொல்வார்கள். இங்கே பெயர் வேண்டாம். நல்ல பெயரும் கெட்ட பெயரும் எல்லாச் சமயத்திலும் இருந்தன. மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் கனகராசா கத்தோலிக்கரல்லர். பனம் விதை நடச் சொல்லி ஊரூராய்ப் பிரசாரம் செய்தார், நல்ல நூல்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அவரைப் பார்த்துக் கத்தோலிக்க வர்த்தகர்கள் கற்றுக்கொள்ளலாம், வெட்கப்படவும் செய்யலாம்.

கடற்கரைக்குப் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. குருநகர், பாசையூர், நாவாந்துறை. படகின் நெற்றியிலே அந்தோனியார் பெயர். ஆனால் வலையும் இயந்திரமும் வாங்க முற்பணம் கொடுத்த சம்மாட்டியோ நண்டுக் கொம்பனியோ சொல்கிற விலைக்குத்தான் பிடித்ததைக் கொடுக்கவேண்டும். கடன் தீரும்வரை அதே ஆளுக்குத்தான். கடன் தீருவதில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபோது, கடலுக்குப் போவதற்கே இன்னொரு முற்பணம் தேவைப்பட்டது. கரையில் மீற்றர் வட்டிக்காரர் காத்துக்கொண்டு நின்றார்.

கச்சதீவுக்கு வருவோம். ஆண்டுதோறும் தவக்காலத்தில் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்தாரும் இராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்தாரும் கூடுகிறார்கள். ஒரே சிலுவைப் பாதை, ஒரே தமிழ்ப் பூசை, ஒரே கொடிமரத்தின் கீழ் மண்டியிடுதல். திருவிழா முடிந்து படகுகள் திரும்பிய அதே வாரம், அந்தக் கரையிலிருந்து இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து நமது தொழிலாளர் கடலில் போட்ட வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. அந்தப் படகுகளின் உரிமையாளர்களிலும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கடன், அவர்களுக்கும் பிள்ளைகள். இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அந்தச் சட்டம் நம் பக்கத்து இழுவைப் படகுகளுக்கும் பொருந்தும். அவை நம்மிடமும் உண்டு, அதை மறைத்துவிட்டு இராமேஸ்வரத்தை மட்டும் திட்டுவது நேர்மையாகாது. கடலடியை வழித்துக்கொண்டு போகும் மடி, குஞ்சையும் பாரையும் சேர்த்து அள்ளுகிறது. நாளைக்குப் பிடிக்கவேண்டியவனின் மீன் அது. இரண்டு கரையிலும் குருக்கள் இருக்கிறார்கள். கச்சதீவுப் பிரசங்கத்தில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால் அந்தோனியார் கோபிக்கமாட்டார்.

வழி இல்லாமலில்லை. அன்ரனி இராசேந்திரம் என்ற யாழ்ப்பாண இளைஞர் 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்தார். அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்றார், நோர்வேக்காரரிடம் உதவி திரட்டினார். 1967இல் காரைநகரில் சீநோர் நிறுவனம் உருவாயிற்று. படகு கட்டும் தளமும், பின்னர் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழியே வந்தன. நம்மவர் ஏராளமாக வாழும் கனடாவில், நோவா ஸ்கோசியாவிலே, 1930களில், மோசஸ் கோடி என்ற கத்தோலிக்கக் குரு, வியாபாரிகளிடம் கடன்பட்டுக் கிடந்த மீனவர்களை வாசிப்பு வட்டங்களாகக் கூட்டினார். கணக்குப் படிப்பித்தார். கடன் சங்கமும் மீன் பதனிடும் ஆலையும் அவர்கள் கையாலேயே கட்டுவித்தார். நமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு காலத்தில் இதைத்தான் செய்தன. இப்போது பல சங்கங்களின் கூட்டத்தில் தேர்தல் சண்டை மட்டும்தான் மிச்சம்.

பெரிய தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கு ஆர்ஜென்டினாவின் என்ரிக்கே ஷா. கண்ணாடித் தொழிற்சாலை நிர்வாகி, ஒன்பது பிள்ளைகளின் தகப்பன். 1961இல் உரிமையாளர்கள் 1,200 பேரை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னபோது மறுத்தார். யாரையும் அனுப்பாமல் சமாளிக்கும் திட்டமொன்றைக் கொண்டுபோய்க் காட்டினார், வென்றார். அப்போது அவருக்குப் புற்றுநோய். இரத்தம் தேவை என்று கேள்விப்பட்டுத் தொழிலாளர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். 1962இல், 41 வயதில், இறந்தார். முதலாளிமாரில் எத்தனை பேருக்குத் தொழிலாளி இரத்தம் கொடுப்பான் என்று ஒரு கணக்கெடுப்பு வைத்தால் நம் வர்த்தக சங்கங்கள் அதை வெளியிடத் துணியுமா தெரியாது.

படித்த தொழில் பார்ப்பவர்கள் சிரிக்கவேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது. அரசாங்கப் பாடசாலையில் அரைப் பாடம் நடத்தி மீதியை மாலை ரியூசனில் விற்கும் ஆசிரியர். ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடமும் தனியார் கிளினிக்கில் இருபது நிமிடமும் பார்க்கும் வைத்தியர். காணி வழக்கைப் பத்து ஆண்டு இழுத்துக் கட்சிக்காரரின் காணியையே கட்டணமாக்கும் சட்டத்தரணி. இவர்கள் எல்லோரும் ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் இருக்கிறார்கள். இந்தத் தொழில்களுக்குள் நேர்மையாக நிற்பவர்களும் அதே வரிசையில்தான். அவர்களுக்கு வரும் நட்டமும் நமக்குத் தெரியும். பதவி உயர்வு தாமதிக்கும், மனைவி பிள்ளைகளே ஏச்சுக் கொடுப்பார்கள். 1806க்குப் பிறகு மதத்துக்காக யாரும் உத்தியோகத்தைப் பறிக்கவில்லை. நேர்மைக்காக இன்னும் பறிக்கிறார்கள்.

பெருநாள் காலம் வருகிறது. உபயப் பட்டியல் வீட்டுக்கு வரும், கொடுங்கள். அதற்கு முதல் நாள் இரவு கடைச் சம்பளப் புத்தகத்தை எடுத்து விரியுங்கள். சேமலாப நிதி எத்தனை பேருக்குக் கட்டப்படவில்லை, எத்தனை மாதம், எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தொகையை முதலில் கட்டி முடியுங்கள். பிறகு மிஞ்சுவதில் உபயம் செய்யுங்கள். பங்குச் சபைகள் அப்படிக் கட்டியவர்களிடம் மட்டும் உபயம் வாங்குவது என்று ஒரு தீர்மானம் போட்டால், குடாநாட்டில் அதுவே முதல் தீர்மானமாக இருக்கும்.