மழலை விழியின் நினைவு



பிள்ளைத்தமிழ், குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துக் கண்ட இலக்கியம். ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையை ஐந்தாம் திங்களுக்கும், கைகளைச் சேர்த்துக் கொட்டும் சப்பாணியை ஒன்பதாம் திங்களுக்கும் உரியனவாகக் கூறுவது வழக்கு. திங்கள் கணக்கில் பாட்டியல் நூல்கள் தம்முள் சிறிது மாறுபடும். எனினும் தலைக்கும் கைக்கும் வாய்க்கும் காலுக்கும் பருவம் வகுத்த அம்மரபில் கண்ணுக்கென்று ஒரு பருவம் இல்லை. அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட அழைப்போர் பெரியவர்கள். நிலவைக் கண்ட குழந்தை, மறுநாள் இரவு அதனை முன்பு கண்டதென அறியுமா என்பது அங்கே எழாத வினா. இது மரபின் குறையன்று. கொட்டும் கை வெளியே தெரியும். நினைவில் வைக்கும் கண்ணின் தொழில் வெளியே தெரியாது.

அதனை வெளியே தெரியச் செய்தவர் அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் ஃபான்ட்ஸ். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, மேலே இரண்டு படங்களைக் காட்டி, அதன் கருவிழியில் எப்படத்தின் நிழல் விழுகிறது என்று சிறு துளை வழியே நோக்கினார். 1964-இல் வெளியான ஆய்வில், ஒரு படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, அதன் அருகில் ஒவ்வொரு முறையும் புதிய படம் ஒன்றை வைத்தார். இரண்டு திங்கள் கடந்த குழந்தைகள் பழைய படத்தை நோக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பார்வை புதியதை நாடியது. பழையது என்று அறியாமல் பழையதில் சலிப்புத் தோன்றுமா? நினைவு தன்னை முதலில் காட்டிக்கொடுப்பது, பற்றிக்கொள்வதில் அன்று, முகத்தைத் திருப்பிக்கொள்வதில். கவிஞர்களுக்கு இது வியப்பாக இராது. இதே முறையைக் கையாண்ட ஜோசப் ஃபேகன், ஐந்து ஆறு திங்கள் குழந்தைகள் ஒருமுறை கண்ட முகப் படத்தை இரண்டு வாரம் கழித்தும் அறிந்துகொண்டதை 1973-இல் காட்டினார்.

தாய் முகத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரியும் தொலைவு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர். மடியில் பாலருந்தும் குழந்தைக்கும் தாய் முகத்துக்கும் உள்ள இடைவெளி அதுவே. நான்கு நாள் குழந்தை பிற பெண்ணின் முகத்தினும் தாயின் முகத்தையே மிகுதியாக நோக்கியதை ஒலிவியே பஸ்காலியும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் கண்டனர். ஆனால், பெண்கள் இருவரும் தலையைத் துணியால் மறைத்துக்கொண்டபோது அவ்வேறுபாடு மறைந்தது. குழந்தை நினைவில் வைத்திருந்தது கண்ணையோ வாயையோ அன்று. நெற்றியும் கூந்தலும் சந்திக்கும் விளிம்பை.

இத்துறையில் நெடுநாள் உழைத்தவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கரோலின் ரோவி-கோலியர். கைக்குழந்தையை அமைதிப்படுத்திவிட்டுத் தம் வேலையைத் தொடர விரும்பிய அவர், தொட்டிலுக்கு மேல் தொங்கிய பொம்மைச் சரத்தையும் குழந்தையின் கணுக்காலையும் ஒரு துணியிழையால் இணைத்தார். உதைத்தால் பொம்மைகள் ஆடும். ஆடுவதைக் காண மேலும் உதைக்கும். வீட்டுத் தேவையில் பிறந்த இவ்வுத்தி 1969-இல் ஆய்வுரையாக வெளிவந்தது. நாட்கள் கழித்து அதே சரத்தை, கால் இணைக்கப்படாத நிலையில் காட்டும்போது குழந்தை விரைந்து உதைத்தால், அது மறக்கவில்லை என்று பொருள். இரண்டு திங்கள் குழந்தைக்கு ஓரிரு நாள், மூன்று திங்களில் ஒரு வாரம் அளவு, ஆறு திங்களில் இரண்டு வாரம் என நினைவு நீண்டது. பெரிய குழந்தைகளுக்காகப் பின்னர் அமைத்த பொம்மை ரயில் சோதனையில், பன்னிரண்டு திங்கள் குழந்தைகளின் நினைவு எட்டு வாரம் நின்றது.

கால அளவினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஆறு திங்கள் குழந்தைகளிடம், தொட்டிலைச் சுற்றிக் கட்டிய வண்ணத்துணியை மட்டும் மாற்றினர். பொம்மைச் சரம் அதுவே, குழந்தை உதைக்கவில்லை. கண்ட பொருளோடு கண்ட இடமும் சேர்ந்தே பதிந்திருந்தது. 1980-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கற்றதை இரண்டு வாரத்தில் மறந்துவிட்ட மூன்று திங்கள் குழந்தைகளுக்கு, சோதனைக்கு முதல்நாள், சரம் ஆடுவதைச் சிறிது நேரம் காட்டினர். ஆட்டியவர் ஆய்வாளர், குழந்தை வெறுமனே கண்டது. மறுநாள் நேற்றுக் கற்றதுபோல் உதைத்தது. மறந்தது அழிந்ததன்று, எட்டாமல் இருந்தது.

பேறுகால விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் தாய்மார்க்கு, ‘பிள்ளை முகத்தை மறந்துவிடுமோ’ என்னும் அச்சம் உண்டு. ‘அதற்கென்ன தெரியும்’ என்பது வீட்டுப் பெரியவர்கள் கூறும் ஆறுதல். அது ஆறுதலும் அன்று, உண்மையும் அன்று. பொம்மைச் சரம் தாய் ஆகாதுதான். எனினும், சரத்தையே இத்தனை நாள் வைத்திருந்து, சிறு தூண்டலில் மீட்கும் கண், நாளும் மாலையில் திரும்பி வரும் முகத்தைக் கைவிடும் என்று அஞ்ச இடமில்லை.

அதே கண் சில நொடியில் தடுமாறவும் செய்யும். ஒரு துணியின் கீழ்ப் பலமுறை ஒளித்த பொம்மையை, குழந்தை காணவே வேறொரு துணியின் கீழ் ஒளித்தால், அது பழைய இடத்திலேயே தேடும் என்பது ழான் பியாஜே தம் மக்களிடம் கண்டது. அடெல் டயமண்ட் இதனை 1985-இல் அளந்தார்: ஏழரைத் திங்கள் குழந்தை இரண்டு நொடிக்குள்ளேயே தடுமாறும், பன்னிரண்டு திங்களில் பத்து நொடிக்கு மேல் தாங்கும். வாரக்கணக்கில் நினைப்பதும் இக்குழந்தையே, நொடியில் இழப்பதும் இக்குழந்தையே. நினைவு என்னும் ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு ஆற்றல்கள் அடங்கியுள்ளன.

கண் பெறுவது போலவே இழக்கவும் செய்கிறது. ஆறு திங்கள் குழந்தை குரங்கு முகங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும். ஒன்பது திங்களில் பெரியவர்களைப் போல மனித முகங்களை மட்டுமே அவ்வாறு அறியும் என்று பஸ்காலி குழுவினர் 2002-இல் காட்டினர்.

இவ்வளவு கண்டும், வளர்ந்தபின் முதலாண்டின் ஒரு காட்சியையேனும் சொல்ல வல்லவர் இல்லை. 2025-இல் யேல் பல்கலைக்கழகத்தார் 4 முதல் 25 திங்கள் வரையுள்ள 26 குழந்தைகளை, விழித்திருக்கும் நிலையில் எம்.ஆர்.ஐ. கருவியில் ஆராய்ந்தனர். ஒரு படத்தைக் காணும்போது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி மிகுதியாகச் செயற்பட்டிருந்தால், பின்னர் அப்படத்தையே குழந்தை கூடுதலாக நோக்கியது. சில நொடியே கண்ட படமாதலால் இங்கே சலிப்புக்கு மாறாக நாட்டம். ஓராண்டு கடந்தவரிடம் இத்தொடர்பு வலுவாக இருந்தது. எனவே பதியவே இல்லை என்று இனிக் கூற இயலாது.

பதிந்தது எங்கே போயிற்று? எலிக்குஞ்சுகள் கற்று மறந்ததை, அவை வளர்ந்தபின், கற்றபோது செயற்பட்ட நரம்பணுக்களையே ஒளியால் தூண்டி மீட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மனிதரிடம் அவ்வாறு செய்து பார்க்க வழியில்லை. தொட்டிலைச் சுற்றியிருந்த துணியை மீண்டும் கட்டிவிடவும் எவராலும் ஆகாது.