குக்கரிலிருந்து கொதிகலன் வரை

(திருத்தணி பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்வி வழிகாட்டல் பற்றிச் சிறிது நேரம் பேசுங்கள் என்றார்கள். எல்லாப் படிப்புகளையும் பட்டியலிட்டால் இரண்டு நாளில் மறந்துவிடும். அதனால் ஒரே ஒரு படிப்பைப் பற்றிப் பேசுகிறேன். இயந்திரப் பொறியியல். அதிலும், பெரிய தொழிற்சாலைகளில் கொதிகலன், பம்பு, குழாய்த்தொடர், வெப்பப் பரிமாற்றி ஆகியவற்றை இயக்கிப் பராமரிக்கும் வேலைக்கான படிப்பு. நான் பொறியாளர் இல்லை. ஆறு முதல் பத்து வரை அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. இந்தப் படிப்பைப் பற்றி நான் ஒருமுறை தவறாக வழிகாட்டியிருக்கிறேன். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

2019இல் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் இருவர் விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு மாணவன், ஒரு மாணவி. இருவர் வீட்டிலும் தெலுங்கு பேசுவார்கள். நம் பகுதியில் இது புதிதல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது; எல்லைக்கோடு மாறினாலும் வீட்டு மொழி மாறவில்லை. நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இரண்டு மொழியில் யோசிப்பவர்கள்.

அந்த மாணவி படம் வரைந்தால் நான் கரும்பலகையில் வரைந்ததைவிடத் தெளிவாக இருக்கும். நான்கு வீச்சு இயந்திரத்தின் குறுக்குவெட்டைப் பாகம் பாகமாக வரைந்து, எந்த வால்வு எப்போது திறக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். மதிப்பெண்ணிலும் அவள்தான் முன்னால். மாணவன் சராசரி. ஆனால் தறி ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே நூல் அறுந்தது என்று சொல்லிவிடுவான் என அவன் அப்பா பெருமைப்படுவார்.

2021இல் இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள். கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்காத ஆண்டு அது. அதே ஆண்டுதான், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு சட்டமாக வந்தது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது.

மாணவியின் அம்மா என்னைத் தேடி வந்தார். "டீச்சர், இவ மெக்கானிக்கல்தான் எடுப்பேன்னு நிக்கிறா. நீங்களே சொல்லுங்க" என்றார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு அது எதுக்கும்மா? கிரீஸு, எண்ணெய், நைட் ஷிப்டுன்னு இருக்கும். கம்ப்யூட்டர் ஏதாவது போடுங்க" என்றேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்தாள்.

மாணவனுக்கு அந்த 7.5 விழுக்காட்டில் இயந்திரப் பொறியியல் கிடைத்தது. அவன் அப்பா கேட்டபோது, "தாராளமா சேருங்க, பையன்தானே" என்று சொன்னதும் நான்தான்.

முதல் பருவத் தேர்வு முடிவு வந்ததும் அவன் வீட்டுக்கு வந்தான். மூன்று பாடங்களில் அரியர். "மிஸ், நான் நின்னுடுறேன். தறிக்கே போயிடுறேன்" என்றான். அன்று மாலை அவனோடு உட்கார்ந்து எங்கே இடிக்கிறது என்று பார்த்தேன்.

வகுப்பில் 'ஸ்ட்ரெஸ்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நம் பேச்சில் ஸ்ட்ரெஸ் என்றால் மன அழுத்தம். அழுத்தம் என்றால் பிரஷர். அவன் வீட்டுத் தெலுங்கில் இரண்டுக்குமே 'ஒத்திடி' என்பார்கள். ஆக, பிரஷரும் ஸ்ட்ரெஸும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிட்டான். அலகைப் பார்த்தால் இரண்டுக்கும் பாஸ்கல். அவன் குழப்பத்தில் நியாயம் இருந்தது. அதைக் கேட்டுத் திருத்த ஆள் இல்லை. கேட்க அவனுக்குத் துணிவும் இல்லை.

நம் மேல்நிலை இயற்பியல் புத்தகத்தில் ஸ்ட்ரெஸுக்குத் தகைவு என்றும் ஸ்ட்ரெயினுக்குத் திரிபு என்றும் நல்ல சொற்கள் இருக்கின்றன. அதை எடுத்து வைத்துக்கொண்டு கொதிகலனையே எடுத்துக்காட்டாகப் பேசினோம். உள்ளே இருக்கும் நீராவி சுவரைத் தள்ளுகிறது, அது அழுத்தம். அந்தத் தள்ளலைத் தாங்கி நிற்க, தகட்டுக்குள்ளேயே ஓர் எதிர்ப்பு விசை உண்டாகிறது. ஓரலகுப் பரப்பில் அந்த விசை எவ்வளவோ அதுதான் தகைவு. அந்த எதிர்ப்பில் தகடு சற்றே நீள்கிறது. தொடக்க நீளத்தோடு ஒப்பிட அந்த நீட்சி எவ்வளவோ அது திரிபு.

பிறகு அவன் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு கணக்கைப் போட்டோம். அதை உங்களுக்கும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 1 மீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட உருளைக் கலன். உள்ளே சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் அழுத்தம், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் சுற்றுவாட்டில் உள்ள தகைவு கிடைக்கும்: 50 நியூட்டன். நீளவாட்டில் உள்ள தகைவுக்குத் தடிமனின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும்: 25 நியூட்டன். சுற்றுவாட்டில் இழுப்பு இரு மடங்கு. அதனால்தான் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும் குழாய் பெரும்பாலும் நீளவாக்கில் கிழிகிறது. "ஆமா மிஸ், எங்க வீட்டு மோட்டார் ஹோஸ் அப்படித்தான் கிழிஞ்சது" என்றான். அந்த நிமிடம் முதல் அவன் கல்லூரியை விடுவதாகப் பேசவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பொறியியல் வரைபடத்தில் இன்னொரு முறையும் தோற்றான். ஒரு பொருளை மேலிருந்தும், முன்னிருந்தும், பக்கத்திலிருந்தும் பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைய வேண்டிய பாடம் அது. அவன் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தான். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். தெரியாததைப் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னார். வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் வந்த பிறகு அவனே எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். கடைசி ஆண்டில் தொழிற்சாலைக் கருவிகள் தொடர்பான விருப்பப் பாடங்களை எடுத்தான், 2025இல் முடித்தான். இப்போது ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் பயிற்சியாளர். ஒப்பந்த வேலைதான், பெரிய சம்பளமில்லை. ஆனால் அவன் பேசும்போது கேட்க வேண்டும்.

"மிஸ், பம்புக்குள்ள கூழாங்கல் உருள்ற மாதிரி சத்தம் வந்தா, உறிஞ்சுற பக்கம் அழுத்தம் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றான் ஒருநாள். காரணம் நம் பாடத்தில்தான் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலை குறையும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்தால், சாதாரண வெப்பநிலையிலேயே நீர் கொதித்துக் குமிழி விடும். அழுத்தம் கூடுதலான இடத்துக்கு வந்ததும் அந்தக் குமிழிகள் சட்டென்று நொறுங்கும். நொறுங்கும் வேகத்தில் சுழலும் இம்பெல்லரின் உலோகமே குழி விழும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த காது இப்போது பம்புச் சத்தத்தைப் படிக்கிறது. அந்தக் காதுக்கு மதிப்பெண் போட நம்மிடம் வினாத்தாள் இல்லை.

இந்த வேலை எங்கே இருக்கிறது என்று பெற்றோர் கேட்பார்கள். நம் மாவட்டத்திலேயே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. மணலியில் 1965இல் மெட்ராஸ் ரிபைனரீஸ் என்று தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனம் கொதிகலன்களின் துணைக் கருவிகளைச் செய்கிறது; திருச்சியில் கொதிகலன்களையே செய்கிறது. நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுழற்றி, மீண்டும் ஆவியைக் குளிர்வித்து நீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்பும் சுழற்சி அனல்மின் நிலையத்தில் இரவும் பகலும் ஓடுகிறது. அதில் ஒரு வால்வை யாரோ ஒருவர் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். கவனமாகப் படித்தவர்கள் தேவைப்படும் வேலை அது.

வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். அதற்கான மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்தால், பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கு வழி உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்கும் பெற்றோரிடம், 7.5 விழுக்காடு ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்? நான் செய்யும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளியில் ஒரு தீப்பெட்டி போதும். மேலிருந்து பார், முன்னிருந்து பார், பக்கத்திலிருந்து பார், மூன்றையும் வரை. பொறியியல் வரைபடத்தின் அடிப்படை அதுதான்.

நடுநிலையில் பிரஷர் குக்கர். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடுவதால் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. தலையில் இருக்கும் வெயிட்டும், கொதிகலனில் அளவுக்கு மீறிய ஆவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் ஒரே வேலையைச் செய்கின்றன. குக்கரில் உருகி வழிவிடும் சேஃப்டி வால்வைப்போலவே கொதிகலனிலும் உருகும் அடைப்பான் உண்டு. குக்கரின் முன்னோடியை 1679இல் செய்து காட்டிய டெனிஸ் பாப்பின்தான் பாதுகாப்பு வால்வையும் அதில் பொருத்தினார். அம்மாவின் அடுப்படியில் தொடங்கிய பாடம் ஆலைவரை போகும்.

உயர்நிலையில், கலைச்சொல் வரும்போதெல்லாம் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டில் அதற்கு என்ன சொல்வார்கள் என்றும் கேட்கிறேன். ஒரு பாடவேளையில் ஐந்து நிமிடம் கூடுதலாகும். என் மாணவன் ஒரு பருவத்தை இழந்தது அந்த ஐந்து நிமிடம் இல்லாததால்தான்.

இனி அந்த மாணவி. சென்ற ஆண்டு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஒரு கடையில் பில் போடும் வேலை. நன்றாகத்தான் இருப்பதாகச் சொன்னாள். பேருந்து வரும் நேரத்தில், "மிஸ், அன்னிக்கு ஏன் மிஸ் வேணாம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். 1894இல் இயந்திரப் பொறியியல் தொடங்கிய அதே கிண்டிக் கல்லூரியில், அ. லலிதா என்ற பெண் 1943இல் மின் பொறியியல் முடித்தார். தெலுங்குக் குடும்பம். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அங்கே பேராசிரியராக இருந்த அவர் அப்பா, மகள் படிக்க முன்னால் நின்று அனுமதி வாங்கினார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் என்று நாம் பொது அறிவில் சொல்லிக்கொடுக்கிறோம். அவருக்கு ஓர் அப்பா கிடைத்தார். என் மாணவியின் அம்மாவும் ஒருவரை நம்பித்தான் வந்தார். அந்த இடத்தில் நான் இருந்தேன். இல்லை என்று சொன்னேன். ஆலைக்குள் நான் அதுவரை ஒரு நாளும் நுழைந்ததில்லை. எண்ணெயும் கிரீஸும் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

தோழர்களே, நம் பெற்றோர் நம்மை நம்புகிறார்கள். மலையடிவாரத்தில் பூ விற்பவரும், தறி ஓட்டுபவரும், கூலிக்குப் போகிறவரும், பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்க வேறு யாரிடம் போவார்கள்? அதனால் ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத படிப்பைப் பற்றி யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்வதில்லை. "நாளைக்கு வாங்கம்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்கிறேன். அன்று மாலையே அந்தத் துறையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்கிறேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளையே பேசச் சொல்கிறேன்.

நீங்களும் அந்த ஒரு நாள் அவகாசத்தைக் கேட்டு வாங்குங்கள்.