தாலியின் மானம் காக்கச் சிறை சென்ற தாய்மார்கள்

(புக்கிட் பாத்தோக் வட்டாரப் பக்தர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருநாவுக்கரசர் பெருமான் பட்ட துன்பங்களைச் சைவ அன்பர்கள் யாவரும் அறிவர். தாம் கொண்ட சமயத்தை விட மறுத்த காரணத்தால் அவர் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கப்பட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. நம்பிக்கைக்காகச் சிறைப்படுதல் என்பது நமது சமய மரபின் நெஞ்சில் ஆழப் பதிந்த செய்தியாகும். ஆயினும் அதனைப் பழங்காலத்துக்கு மட்டுமே உரிய வரலாறு என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்னர், கடல் கடந்த ஒரு நாட்டில், தங்கள் கழுத்தில் ஏறிய தாலியின் மானத்தைக் காக்கத் தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு சிறை புகுந்தனர். அந்த நாடு தென்னாப்பிரிக்கா. அந்த ஆண்டு 1913.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் அங்குக் குடியேறியது அன்றுதான் தொடங்கியது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோரை ஏற்றி வந்த கப்பல்களின் கதைக்கும் அக்கதைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்த அம்மக்கள், உண்டதில் மிச்சம் பிடித்துக் கோயில் எழுப்பினர், காவடி எடுத்தனர், ஊரார் முன்னிலையில் மங்கல நாண் பூட்டி இல்லறம் நடத்தினர்.

இந்நிலையில் 1913ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், கேப் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஹசன் இசோப் என்ற இந்திய முஸ்லிம் ஒருவர் இந்தியாவிலிருந்து தம் மனைவி பாய் மரியத்தை அழைத்துவர விரும்பினார். அவர்களது திருமணம் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்ததாகையால், சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அன்று என்பது தீர்ப்பு. அவருக்கு அந்த ஒரு மனைவியே இருந்தும் பயனில்லை. கிறிஸ்தவ முறைப்படியோ அரசுப் பதிவாளர் முன்னிலையிலோ நடவாத இந்துத் திருமணம், முஸ்லிம் திருமணம், பார்சித் திருமணம் ஆகிய அனைத்தும் இத்தீர்ப்பால் ஆட்டம் கண்டன.

இதன் பொருள் யாது? முப்பது ஆண்டு இல்லறம் நடத்திய மூதாட்டியும் சட்டப்படி மனைவியல்லள். அவள் பெற்ற பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்லர். கணவனின் சொத்தில் அவர்களுக்கு உள்ள உரிமை கேள்விக்குரியது. ஊருக்குச் சென்று திரும்பும் மனைவியைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தலாம். கோயிலை எவரும் இடிக்கவில்லை. பூசையை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் அக்கோயிலில் கட்டிய தாலிக்கு மதிப்பில்லாமற் போயிற்று. வழிபாட்டுரிமை என்பது கோயிலின் சுற்றுமதிலுக்குள் முடிந்துவிடுவதன்று என்பதை நமக்கு உணர்த்தும் நிகழ்ச்சி இதுவாகும்.

முன்னைய போராட்டங்களில் பெண்களைச் சிறைக்கு அனுப்பக் காந்தியடிகள் தயங்கினார். இம்முறை அத்தயக்கம் நீங்கிற்று. செப்டம்பர் திங்களில் கஸ்தூரிபாய் அம்மையார் உள்ளிட்ட 16 பேர் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து புறப்பட்டு, எல்லையில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றனர். டிரான்ஸ்வால் பகுதியிலிருந்து புறப்பட்ட 11 பெண்களில் பெரும்பாலோர் தமிழர்; தம்பி நாயுடுவின் துணைவியார் வீரம்மாள் அவர்களுள் ஒருவர். அறுவர் கையில் பால் மணம் மாறாத குழந்தைகள் இருந்தன, ஒருவர் கருவுற்றிருந்தார். அனுமதியின்றி எல்லையைக் கடந்த அவர்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினர். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மீண்டும் ஒப்பந்தம் ஏற்காமலும் தாயகம் திரும்பாமலும் தங்கியோர் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த 3 பவுன் வரியால் ஏற்கெனவே நொந்திருந்த தொழிலாளர், அப்பெண்களின் சொல் கேட்டுச் சுரங்கத்தை விட்டு வெளியேறினர். அக்டோபரில் அப்பெண்களும் சிறைப்பட்டனர்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அவர்களுக்கு இட்ட வேலை துணி வெளுத்தல். உணவோ மிக மட்டமானது. சமய விரதம் பூண்டிருந்த ஒரு பெண்மணி, தமக்கு விதித்துக்கொண்ட உணவைப் பெறுவதற்கே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. கிடைத்த உணவும் உண்ணத் தகுந்ததாக இல்லை. எழுத்தறிவு வாய்க்காத பெண்கள் பலர் அவர்களுள் இருந்தனர். சட்ட நூல் எதையும் அவர்கள் கண்டதில்லை. ஆயினும் தாலி என்றால் என்ன என்பதை அந்த நீதிமன்றத்தைவிட நன்கு அறிந்திருந்தார்கள் என்றால் அது மிகையாகாது.

அவர்களைத் தொடர்ந்து சிறை புகுந்தவள் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. தன் முன்னோரின் ஊரான தில்லையாடியின் பெயரோடு இணைந்தே இன்றும் அறியப்படுபவள். அந்த ஆண்டு டிசம்பரில் அவளுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. சிறையில் கடுங்காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வெளியே வந்தாள். படுக்கையில் கிடந்தவளைக் காண வந்த காந்தியடிகள், சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று வினவினார். வருத்தமில்லை, இப்போது கைது செய்தாலும் மீண்டும் செல்லத் தயார் என்று அப்பெண் விடையிறுத்தாள். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் அவள் உயிர் பிரிந்தது. அப்போது வயது 16. அவளுக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். தன் கழுத்தில் ஏறாத தாலிக்காக, பிற பெண்களின் மானத்துக்காக, அவள் தன் உயிரை ஈந்தாள்.

அந்தத் தியாகம் வீண்போகவில்லை. 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. ஒரே மனைவியோடு வாழும் இந்தியரின் சமயத் திருமணத்தைப் பதிவு செய்து சட்ட மதிப்புப் பெற வழி செய்தது. இந்தியச் சமயங்களின் குருமார்களையே மணப்பதிவு அலுவலராக நியமிக்கவும் இடம் தந்தது. எனினும் முழு நீதி உடனே கிட்டிவிடவில்லை. இந்து முறைப்படி மட்டும் மணந்து, பதிவு செய்யாத பெண்ணும், உயில் எழுதாது இறந்த கணவனுக்கு வாரிசாவாள் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2008ஆம் ஆண்டில்தான்.

இவ்வரலாற்றில் புக்கிட் பாத்தோக் வாழ் அன்பர்களுக்கு இரண்டு படிப்பினைகள் உள.

முதலாவது, நாம் பெற்றிருப்பதன் அருமை. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும் வழிபடவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கு ஊறு நேராத வரம்பையும் அதுவே வகுக்கிறது. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறியையும் பதிவையும் கட்டாயமாக்கியது. இன்று மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்திடுகையில் அதனை வெறும் காகிதம் என்று எண்ணுவோர் உண்டு. அந்தக் காகிதம் இல்லாமற் போனதால்தான் கைக்குழந்தையோடு பெண்கள் சிறை சென்றார்கள் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூற வேண்டும்.

இரண்டாவது, பிறர் உரிமையும் நம் உரிமையே என்பது. அந்த வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணின் நிக்காஹ் பற்றியது. அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வீரம்மாளும் அவர் தோழியரும் ஒதுங்கி நிற்கவில்லை. யூதர்களான போலக்கும் கல்லன்பாக்கும் இந்தியரின் பொருட்டுச் சிறை சென்றார்கள். நம் வட்டாரத்தில் புக்கிட் பாத்தோக் ஈஸ்ட் அவென்யூ 2இல் அர்-ரவ்தா பள்ளிவாசலும் செயிண்ட் மேரி ஆஃப் த ஏஞ்சல்ஸ் தேவாலயமும் ஒரே சாலையில் நிற்கின்றன. அங்கு ஒருவருடைய வழிபாட்டுக்கு இடையூறு நேர்ந்தால், அது இங்குள்ள தீபாராதனைக்கும் நேர்ந்த இடையூறேயாகும்.

இன்றும் உலகில் நம்பிக்கையின் பொருட்டுச் சிறையில் வாடுவோர் உளர். பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவ ஏழைப் பெண் சமய நிந்தனைக் குற்றச்சாட்டின்பேரில் 2009ஆம் ஆண்டு கைதாகி, அடுத்த ஆண்டு தூக்குத் தண்டனை பெற்றார். அவருக்காகக் குரல் கொடுத்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் என்ற முஸ்லிம் 2011ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். 2018ஆம் ஆண்டு அப்பெண்ணைக் குற்றமற்றவர் என விடுவித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் முஸ்லிம்களே. ஒரு சமயத்தார் இழைக்கும் தீங்கைக் கொண்டு அச்சமயத்தார் அனைவரையும் பழிப்பது எத்துணைத் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வெளிநாட்டில் ஒரு கோயில் இடிபட்டது, ஓர் அடியார் சிறைப்பட்டார் என்று செய்தி வருங்கால், உள்ளம் கொதிப்பது இயல்பு. அக்கொதிப்பை அடுத்த வீட்டுக்காரர்மீது திருப்புதல் அறமாகாது. 1913ஆம் ஆண்டுப் பெண்கள் அநீதியான சட்டத்தை எதிர்த்தார்கள்; எந்தச் சமயத்தையும் ஏசவில்லை, எவர்மீதும் கல்லெறியவில்லை. செய்தியின் உண்மையை ஆராய்ந்து அறிதல், சட்டத்துக்கு உட்பட்ட வழியில் குரல் கொடுத்தல், துன்புறுவோர் எச்சமயத்தவர் ஆயினும் அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் பக்தர் எவருக்கும் இயலக்கூடியனவே. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாட்டு மன்றம் ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு, சமய உரிமையை எல்லா மனிதருக்கும் பொதுவாகவே வைத்துள்ளது.

இவ்விழா நாளில் அர்ச்சனைத் தட்டை ஏந்தி நிற்கும் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாரின் பெயரும் நட்சத்திரமும் கூறியபின், ஒரு கணம் சிறைக்கதவுகளுக்குப் பின்னால் கைகூப்பி நிற்போரையும் நினைந்து வேண்டுவார்களாக. அவ்வேண்டுதலுக்கு எம்பெருமான் முருகன் திருவருள் முன்னிற்பதாக.